மயில் கழுத்து

வழக்கு எண் பதினாறு இலக்கம், அதை விடுங்கள்.
வழக்கு இதுதான்:
நான் அனுப்பியது பச்சை,
அவளுக்குப் போய்ச் சேர்ந்தது நீலம்.

வெள்ளவத்தையில், கடலுக்கு இறங்குகிற ஒழுங்கையில்,
இரண்டாம் மாடி ஜன்னலோரம் சேலையை விரித்துப்
படம் எடுத்தது காலை எட்டரைக்கு.
கோட்டைக்குப் போகிற ரயில் அப்போதுதான் கடந்தது.
கண்ணாடி அதிர்ந்து படம் கலங்கிவிட,
மறுபடி எடுத்தேன்.
நேர்மையான படம். அதன் கீழே எழுதினேன்:
மயில் கழுத்து.

மார்க்கத்தில் கௌசிகா பரராஜசிங்கம்
டியூப்லைட்டுக்குக் கீழே எடுத்த படத்தில்
அதே சேலை நீலமாய்க் கிடக்கிறது.
அதுவும் நேர்மையான படம்தான்.

இரண்டு பேரும் ஆங்கிலத்தில் சண்டை பிடித்தோம்.
ஏச வேண்டிய இடமெல்லாம்
'கைண்ட்லி' போட்டோம்.

நடுவரின் பெயர் மார்வின். எந்த ஊரோ.
மயிலையும் கழுத்தையும் இயந்திரம்
அவருக்குத் தனித்தனியே பெயர்த்துக் கொடுத்திருக்க வேண்டும்.
பறவையின் உறுப்புகளை விற்கத் தடை உண்டு
என்று முதலில் எச்சரித்தார்.
பிறகு வருத்தம் தெரிவித்துக் கேட்டார்:
நீலமா, பச்சையா?
பெட்டியில் ஒரு சரிதான் விழும்.

பாவு நீலம், ஊடை பச்சை.
நின்றால் ஒன்று, நடந்தால் ஒன்று,
உட்கார்ந்து எழும்பினால்
மடியில் இரண்டும் ஒன்றையொன்று துரத்தும்.
இதை ஐந்நூறு எழுத்துக்குள் அடக்க
மூன்று இரவு போனது.

நூற்று நாற்பது டொலர்
என் கணக்கிலேயே இருந்தது, சாம்பல் எழுத்தில்.
தொட்டால் ஒன்றும் திறக்காது.
வீட்டுக்காரருக்கு அந்தத் திரையைக் காட்டினேன்.
கண்ணாடி போட்டுப் பார்த்தார்,
'காசு தெரியுதுதானே பிள்ளை' என்றார்.

'வாங்குபவர் பாதுகாப்பு' என்றொரு பக்கம் இருக்கிறது.
மற்றவளுக்கும் ஒன்று இருக்குமென்று
கடைசிவரை உருட்டிப் பார்த்தேன்.
முகவரியும் ஆண்டும்தான் இருந்தன.

தீர்ப்பு அவள் பக்கம்.
திருப்பி அனுப்புகிற செலவு என் பக்கம்.

நாற்பத்தோராம் நாள் பார்சல் வந்தது.
சுங்கத்தில் இருந்தவர் கேட்டார்,
என்ன சாமான்?
என்னுடைய சேலை.
உங்களுடையதை ஏன் இறக்குமதி செய்கிறீர்கள்?
வரி கட்டிவிட்டுத்தான் பதில் யோசித்தேன்.

பிரித்தேன்.
கொசுவத்தில் ஒரு ஊக்கு, கழற்ற மறந்தது.
முந்தானையில் வெள்ளையாய் ஒரு பொட்டு.
முகர்ந்தேன். கேக்.
யாருக்கோ தாலி ஏறிய அன்று
மார்க்கத்து மண்டபமொன்றில் இந்தச் சேலை
நீலமாயும் பச்சையாயும் நடந்திருக்கிறது.
நல்லாயிருக்கு என்று யாராவது சொல்லியும் இருப்பார்கள்.

மார்வினுக்கு எழுத உட்கார்ந்தேன்.
ஊக்கு ஒரு படம், கேக் இரண்டு படம்,
சுங்கத் துண்டு.
அனுப்ப முதல் விளம்பரத்தை ஒருதரம் வாசித்தேன்,
நிறத்துக்குக் கீழே இருந்த வரியையும்:
தூய பட்டு.

கெய்சர் வீதியில் இம்தியாஸ் நானா சொன்னது:
'போடுங்க தங்கச்சி, ஆர் கொளுத்திப் பாக்கிறது?'
போட்டேன்.
நீல இழை ஒன்று, பச்சை இழை ஒன்று உருவி
காஸ் அடுப்பில் பிடித்தேன்.
நீலம் முடி கருகிய மணத்தோடு பொடியானது.
பச்சை சுருண்டு உருகி
கறுப்பாய்க் குண்டூசித் தலை போல
விரல் நுனியில் ஒட்டிக்கொண்டது.

அவள் அதைக் கேட்கவேயில்லை.
மூன்று கிழமை நாங்கள் கிழித்துக்கொண்டது
எங்களிடம் இருந்த ஒரேயொரு உண்மையை.

விரலைத் தண்ணீரில் வைத்துக்கொண்டு
மார்வினுக்கான கடிதத்தை மூடினேன். அழிக்கவில்லை.
ஊக்கைக் கழற்றி என் சட்டையில் குத்தினேன்.
விளம்பரத்தில் 'தூய'வை எடுத்தேன்.
'பட்டு' தனியே நின்று என்னைப் பார்த்தது.
அதன் முன்னால் 'பாதி' போட்டு,
எடுத்து,
திரும்பப் போட்டேன்.

இரவு பதினொன்றுக்கு தெஹிவளையிலிருந்து ஒருத்தி:
'அக்கா, சரியா என்ன கலர்?'

பகலில் வாங்கோ, என்று எழுதினேன்.
வந்து ஜன்னலுக்குக் கிட்ட நின்று பாருங்கோ.